மெர்வ் வளர்த்த பூனை

வெளிச்சம் இருக்கும்போதே, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், பின்வாசல் படியில் உட்கார்ந்து மெர்வ் பூனைக்கு உண்ணி பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றோரத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் வசந்தம் தொடங்கிவிட்டால், நாயோ பூனையோ வளர்க்கிற ஒவ்வொரு வீட்டிலும் அந்த நேரத்தில் நடக்கிற காரியம்தான். தாடையில் ஆரம்பித்து, காது மடிப்பு, கழுத்து, கக்கம், விரலிடுக்கு என்று விரல்நுனியால் துழாவிக்கொண்டே போக வேண்டும். ரத்தம் குடித்து உப்பிய உண்ணி பருப்பு மாதிரி தட்டுப்படும். அந்தப் பக்கத்து உண்ணிக்கு விஷம் உண்டு; கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் பின்னங்கால் துவளும், குரல் மாறும், கடைசியில் மூச்சு நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். பூனைகளுக்குக் கழுத்தில் சொட்டுகிற மருந்தெல்லாம் அப்போது வந்திருக்கவில்லை.

பூனைக்கு மேட்ரன் என்று பெயர். பழைய ஆஸ்பத்திரிகளில் தலைமை நர்சுகள் வார்டுக்குள் நுழைகிற தோரணையில் அது அறைக்குள் நுழையும் என்று மெர்வ் வைத்த பெயர். சாம்பல் வரிப்பூனை. மெர்வ் ஒருவனைத் தவிர யாருடைய கையும் மேலே படக் கூடாது அதற்கு.

அவன் மனைவி கோரல் கொசுவலைக் கதவுக்கு உள்பக்கம் நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"காலையில என் கணுக்காலைக் கடிச்சுது மெர்வ். நான் ஒண்ணும் பண்ணல. நடந்து போனேன், அவ்வளவுதான்."

"அவ இருக்கற பக்கமா நடந்தியா?"

"இது என் வீடு!"

"நீ சொல்ற. அவகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரு." மெர்வ் பூனையின் கக்கத்தைத் தூக்கிப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல மகாராணி, போய்ட்டு வா. கோரல், நாளைக்குக் கூரை வாய்க்கால்ல எலை அள்ளணும். அடைச்சுக் கெடக்கு. காட்டுத்தீ காலம் வருது, காஞ்ச எலையில ஒரு பொறி விழுந்தா போதும்."

"ஆள் வெச்சுக்கோ. உனக்கு எழுபத்தொண்ணு ஆகுது."

"ஏணி புதுசுடி."

"ஏணிதான் புதுசு."

அவன் சிரித்தான். பூனை மடியிலிருந்து இறங்கி, அவளைப் பார்த்துக் காதை மடக்கிவிட்டு, படிக்கடியில் போனது.

மறுநாள் காலை, பத்து மணித் தேநீருக்கு அவனைக் கூப்பிடக் கோரல் வெளியே போனபோது மெர்வ் சிமெண்டுத் தரையில் கிடந்தான். ஏணி நின்றபடியே நின்றது. காலில் ரப்பர் செருப்பு ஒன்று இருந்தது. இன்னொன்று ஏணியின் மேல்படியில் மாட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் செருப்போடு ஏறியிருக்கிறான், மடையன். பூட்ஸ் வாசலிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். அடுப்பில் வேகவைத்த இறைச்சியும் பாஸ்தாவும் கண்ணாடித் தட்டுகளில் வந்தன. பாத்திரம் திரும்பிப் போக வேண்டுமே என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுநாடாவில் பெயர் எழுதியிருந்தது. நியூகாசிலிலிருந்து மெர்வின் தங்கை எல்வா ஒரு பெரிய பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினாள். அடக்கம் முடிந்தது. ஊர் கிளப்பில் சாண்ட்விச்சும் பீரும் முடிந்தன. பள்ளிப் பேருந்து ஓட்டியவன் என்பதால், அவன் பேருந்தில் போய்ப் படித்து இப்போது தாடி நரைத்தவர்கள்கூட வந்திருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். கோரல் அழவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. ஏணியின் மேல் கோபம். வாசலில் கிடந்த பூட்ஸின் மேல் கோபம். 'அவருக்குப் பிடித்த வேலையைச் செய்யும்போதே போய்விட்டார்' என்று சொன்ன பாதிரியாரின் மேல் கோபம். இலை அள்ளுவது யாருக்கப்பா பிடித்த வேலை? எல்லாவற்றையும்விட மெர்வின் மேல். கூப்பிட்டு நிறுத்தி வைத்துத் திட்டவேண்டும், இரண்டு மணி நேரமாவது திட்டவேண்டும், ஆனால் அந்த ஆள் கைக்கு அகப்படாமல் போய்விட்டான்.

மேட்ரன் துணி துவைக்கிற அறையில் மெர்வின் பழைய கம்பளிச் சட்டையின் மேல் படுத்துக்கொண்டது. முதலில் சாப்பாட்டைப் பாதியில் விட்டது. பிறகு தட்டுப்பக்கமே வரவில்லை.

"பாரேன் கோரல், அந்தச் சட்டையை விட்டு எறங்க மாட்டேங்கறா." எல்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க மெர்வோட வாசனை. அதுங்களுக்கு எல்லாம் தெரியும்."

"ஹீட்டர் குழாய் அந்த அறையிலதான் ஓடுது. குளிருக்கு அது எப்பவும் அங்கதான் கெடக்கும்."

"உனக்கு எதுலயும் ஒரு குழாய் தெரியுது."

செய்தி ஊரில் பரவியது. பூனை துக்கம் காக்கிறதாம். அடுத்த வீட்டு டெஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துவைக்கிற அறை வாசலில் கோயிலுக்குள் நிற்கிறவன் மாதிரி நின்றான்.

"எங்க அப்பன் போனப்ப அவரோட நாய் வாசல் கேட்டுப் பக்கத்துலயே கெடந்துச்சு கோரல். ஒரு வாரம். எழுந்திரிக்கவே இல்ல."

"உங்க அப்பன் கேட்டுப் பக்கத்துலதான் அதுக்கு எலும்பு போடுவாரு டெஸ். அது எலும்புக்குக் காத்துக் கெடந்துச்சு."

டெஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி பூனைக்கென்றே சால்மன் மீன் டப்பா கொண்டுவந்தாள். கோரலுக்கு இறைச்சித் தட்டு, பூனைக்குச் சால்மன். வந்தவர்கள் எல்லாரும் கோரலின் தோளை ஒருமுறை தட்டிவிட்டு, பூனையின் முன்னால் மண்டியிட்டு 'ஐயோ பாவம், ஐயோ பாவம்' என்றார்கள். பதினோரு வருஷமாகத் தன் கையையும் காலையும் தன் மெத்தை விரிப்புகளையும் பாழாக்கிய அந்தப் பிராணி, தன் புருஷனின் சாவை முழுசாகத் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போலிருந்தது அவளுக்கு. கோரல் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் துணிகளைத் துவைக்கப் போட்டாள். மேட்ரனும் சீறவில்லை. நன்றாக இருக்கிறது, இரண்டு பேரும் பேசாமலே இருப்போம் என்று கோரல் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் கழுவின பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது எல்வா பூனையைத் தூக்கி வந்து சமையலறை மூலையில் சட்டையோடு இறக்கிவிட்டாள். தனியாகக் கிடக்கிறதாம்.

"தூக்கினா பேசாம இருக்கா. என்னைக் கடிக்கவே இல்ல, தெரியுமா? துக்கத்துல அவளுக்குக் குணமே மாறிடுச்சு." நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், நீ தப்பா எடுத்துக்காத."

"அப்படின்னா சொல்லாத."

"இந்த வீட்ல அவளாவது அவனுக்காகத் துக்கப்படுறாளேன்னு இருக்கு எனக்கு."

கோரலின் கையில் ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. அவள் அதை வீசவில்லை என்றுதான் பிற்பாடும் சொல்வாள். கை விட்டது, அவ்வளவுதான். ஆனால் விழுகிற தட்டு அத்தனை தூரம் போகாது. அது பூனைக்குப் பக்கத்துச் சுவரில் மோதி, தரையெங்கும் சில்லுச்சில்லாகச் சிதறியது. அடியில் 'ஷெர்லி' என்று எழுதிய ஒட்டுநாடா மட்டும் ஒரு பெரிய துண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பைத்தியமா உனக்கு?" எல்வா எழுந்து நின்றுவிட்டாள். "அவ மேல பட்டிருந்தா?"

கோரல் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருமினால்கூடச் சோபாவுக்கடியில் பாய்கிற பிராணி அது. கரண்டி விழுந்தால் ஒரு நாள் முழுக்க அவளை மன்னிக்காது. இப்போது பக்கத்தில் கண்ணாடி உடைந்தும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓடத்தான் பார்த்தது. முன்னங்கால்கள் ஊன்றின. பின்பக்கம் எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஈரத்துணி மாதிரி மடங்கியது. வாயைத் திறந்தது. மேட்ரனின் குரல் நாலு வீடு தள்ளிக் கேட்கும். இப்போது காற்றுப் போகிற டயரின் சத்தம் மட்டும் வந்தது.

"எல்வா. அதோட சத்தத்தைக் கேட்டியா?"

"அழுது அழுது தொண்டை கட்டிருச்சு, பாவம்."

"பூனை அழாது!" கோரல் தரையில் மண்டியிட்டாள். முழங்காலுக்கடியில் சில்லு குத்தியது. "உண்ணிடி இது. உண்ணி கடிச்சிருக்கு. யாரு பாத்தீங்க? அவன் போனதுக்கப்புறம் இந்தப் பூனைக்கு யாரு உண்ணி பாத்தீங்க? மண்டி போட்டு மண்டி போட்டுப் பாவம் பாவம்னு சொன்னீங்களே, ஒருத்தராவது கையை வெச்சுப் பாத்தீங்களா?"

கேட்டுக்கொண்டே அந்தக் கேள்வி தன்னையும் சேர்த்துத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் இன்னும் சத்தமாகக் கேட்டாள். அந்த ஊரில் டெஸ்ஸின் நாய் ஒரு நாள் சாப்பிடவில்லையென்றால் முதலில் காதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் சாவு நடந்ததால் எல்லாருக்கும் புத்தி கெட்டுப்போனது.

துண்டைப் போட்டு அழுத்திக்கொண்டு தேடினாள். பழக்கமில்லாத கை. தாடையில் இல்லை. கக்கத்தில் இல்லை. மேட்ரன் தலையைத் திருப்பி அவள் கட்டைவிரலைக் கவ்வியது. பல் பதியவில்லை. பதினோரு வருஷத்தில் முதல்முறையாகப் பல் பதியவில்லை, அதுதான் கோரலைக் கதிகலங்க வைத்தது.

"கடி! கடிச்சுத் தொலை! என்ன இது, பல் போன கிழவி மாதிரி?"

இடது காதுக்குப் பின்னால், மயிருக்கு அடியில் புதைந்திருந்தது அது. சாம்பல் நிறம். கெட்டியாக, வழவழப்பாக உப்பியிருந்தது. மெர்வ் உண்ணி பிடுங்குகிற கொக்கி ஜன்னல் விளிம்பில் அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. கோரல் கொக்கியைக் கோத்து உண்ணியைத் திருகி எடுத்தாள். காலடியில் போட்டு நசுக்கினாள். நசுக்கிய பிறகும் நசுக்கினாள்.

கால்நடை மருத்துவர் இருந்தது மலையைச் சுற்றிப் போகிற சாலையில், அடுத்த ஊரில். கோரல் ஓட்டினாள். எல்வா பக்கத்தில் துணிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். கூடைக்குள் மேட்ரன் ஒவ்வொரு மூச்சையும் உறுமலோடு இழுத்தது. முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவுக்கு வளைவு பிரேக் போட்டபடி போனது. கோரல் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"கடவுளே, இவளும் போயிட்டா..." எல்வா அழ ஆரம்பித்தாள். "இவளும் போயிட்டா மெர்வோடதுன்னு அந்த வீட்ல மீதி ஒண்ணுமே இருக்காது."

கோரல் வண்டியைப் புல்லோரம் ஒதுக்கி நிறுத்தினாள்.

"ஒண்ணுமே இருக்காதா? நான் யாரு எல்வா? நான் அந்த வீட்ல வாடகைக்கு இருக்கேனா?"

"நான் அப்படிச் சொல்ல வரல..."

"அப்படித்தான் சொன்ன. வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் சொல்ற. நீ ஒப்பாரி வெச்சா துக்கம். பூனைக்கு வெஷம் ஏறினா அது துக்கம். நான் வாயை மூடிட்டு உனக்கும் ஊருக்கும் பாத்திரம் கழுவினா அது துக்கமில்ல. அவனோட சட்டைக்குப் பொத்தான் தெச்சவ நான். அவன் குறட்டையில தூங்கினவ நான். அந்த ஏணியில ஏறாதடான்னு சொன்னவளும் நான்தான்!"

எல்வா கூடையைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். கூடைக்குள் எட்டிப் பார்த்து, "கோரல், இவ மூச்சு ஒரு மாதிரி இருக்கு. ஓட்டு," என்றாள். கோரல் ஓட்டினாள்.

மருத்துவர் டாம்சின் என்கிற இளம்பெண். முழங்கைவரை பழைய கீறல்கள். கூடையைத் திறந்து பூனையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள், மார்பில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"உண்ணியை எடுத்துட்டீங்க, நல்லது. ஆனா எடுத்த அப்புறமும் ஒரு நாள், ரெண்டு நாள் மோசமாத்தான் ஆகும். வெஷமுறிவு மருந்து போடறேன். ஆக்சிஜன்ல வைக்கிறேன். மேல வேற உண்ணி இருக்கான்னு பாக்க முழுசா மயிரைச் சிரைக்கணும். கடைசியா எப்ப பாத்தீங்க கோரல்?"

"என் வீட்டுக்காரர்தான் பாப்பாரு."

"அவர்கிட்ட ஒரு போன் போட்டுக் கேக்க முடியுமா? எத்தனை நாளா ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சா நல்லது."

"சர்ச்சுக்குப் பின்னால படுத்திருக்காரு. போய்த்தான் கேக்கணும்."

டாம்சின் குழாயைக் காதிலிருந்து எடுத்தாள். மன்னிப்புக் கேட்டு எதுவும் சொல்லவில்லை. "அப்போ அதுக்கப்புறம்தான் ஏறியிருக்கணும்," என்றாள். "பொழைக்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். வீட்டுக்குப் போங்க. எதுனாலும் நானே கூப்புடறேன்."

அந்தப் பேச்சு கோரலுக்குப் பிடித்திருந்தது. அத்தனை நாளில் அவளோடு நேராகப் பேசியவள் அந்தப் பெண் ஒருத்திதான்.

மறுநாள் முழுக்கத் தொலைபேசி அடிக்கவில்லை. எல்வா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உட்கார முடியாமல் கோரல் வெளியே வந்தாள். ஏணி அதே சுவரில் சாய்ந்தபடி நின்றது. வந்தவர்கள், போனவர்கள், பிணத்தைத் தூக்கியவர்கள், யாருக்கும் அதை எடுத்து வைக்கத் தோன்றவில்லை. மேலே, வாய்க்காலில், அவன் பாதி அள்ளிய இலை காய்ந்து தொங்கியது.

ஏணியைச் சரித்து இழுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள். வண்டிப்பாதையில் குறுக்கே போட்டாள். மெர்வின் வண்டியில் ஏறி, பின்னால் எடுத்து, ஏணியின் மேல் ஏற்றினாள். அலுமினியம் வீல் என்று அலறியது. முன்னால் ஏற்றினாள். மறுபடி பின்னால். சத்தம் கேட்டு டெஸ் வேலியோரம் ஓடி வந்தான்.

"கோரல்! என்ன பண்ற? நல்ல ஏணி அது!"

"வேணுமா உனக்கு?"

டெஸ் நசுங்கிய ஏணியைப் பார்த்தான்.

"வேணாம்," என்றான்.

"அப்ப தள்ளி நில்லு."

இன்னும் மூன்று தடவை ஏற்றினாள். ஏணி என்று சொல்ல எதுவும் மிஞ்சாத பிறகு இறங்கி, "செருப்போட ஏறினியேடா, செருப்போட," என்று அந்தத் தகரக் குவியலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். டெஸ் வேலிக்கு அப்பால் அசையாமல் நின்றான். பிறகு உள்ளே வந்து, நசுங்கியதைத் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோனான்.

அதற்கு அடுத்த நாள் காலையில் தொலைபேசி அடித்தது. எல்வா அதை எடுத்துக் கோரலிடம் நீட்டினாள்.

"கோரல், டாம்சின் பேசறேன். உங்க பூனை எங்க நர்ஸைக் கடிச்சுடுச்சு."

"நல்லாக் கடிச்சுதா?"

"தையல் போட்டிருக்கோம்."

"ஆஹா," என்றாள் கோரல். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கச் சொல்லுங்க அந்தப் பொண்ணை. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

மேட்ரன் இறகு பிடுங்கிய கோழி மாதிரி இருந்தது. தலையிலும் வால் நுனியிலும் மட்டும் மயிர். நடுவில் சுருக்கம் விழுந்த, வெளிறிய உடம்பு. வீடு வரும் வரை கூண்டின் கம்பி வழியாகக் கோரலைத் திட்டிக்கொண்டே வந்தது. பழைய குரல் முழுசாக வரவில்லை, ஆனால் நோக்கம் தெளிவாக இருந்தது. இறக்கிவிட்டதும் நேராகக் கம்பளிச் சட்டைக்குப் போய், முகர்ந்து பார்த்து, அதன் மேல் ஒன்றுக்குப் போய்விட்டு, ஹீட்டர் குழாயின் பக்கம் படுத்துக்கொண்டது. எல்வா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கோரல் சட்டையை எடுத்துத் துவைக்கப் போட்டாள்.

எல்வா ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போனாள். பிளாட்பாரத்தில் கோரலைக் கட்டிக்கொண்டு, "நாம ரெண்டு பேரும் நிறையப் பேசிட்டோம்," என்றாள். "நிறைய இல்ல. இன்னும் இருக்கு," என்றாள் கோரல். எல்வா சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது அவளுக்கு அண்ணனின் வாய். கோரல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து உண்ணி பார்ப்பது கோரலின் வேலை. வலது கையில் தடித்த வெல்டிங் கையுறை, இடது கை வெறுங்கை, ஏனென்றால் உறை போட்ட விரலுக்கு உண்ணி தட்டுப்படாது. துழாவிக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டுவாள். பூனையை, ஷெர்லியின் தட்டை, பாதிரியாரை, மெர்வை. மெர்வை அதிகமாக. டெஸ்ஸின் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அது தெளிவாகக் கேட்கும் என்று அவன் மனைவி ஊரில் சொல்லிக்கொண்டாள். மேட்ரனும் சும்மா இருக்காது. கடிக்கும், கீறும், கூச்சல் போடும். எழுந்து ஓட மட்டும் ஓடாது. முடிகிறவரை இருந்து சண்டை போட்டுவிட்டுத்தான் போகும். கோரலின் இடது முழங்கை மருத்துவர் டாம்சினின் முழங்கை மாதிரி ஆகிவிட்டது.

எல்வா நியூகாசிலில் யாரைப் பார்த்தாலும் சொல்கிற கதை, அண்ணன் செத்த துக்கத்தில் அவன் பூனை சாகக் கிடந்தது என்பதுதான். கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் பேசும்போது கோரலிடமே சொல்கிறாள். உண்ணி என்று கோரல் ஒவ்வொரு தடவையும் கத்துகிறாள். "ஆமா, உண்ணியுந்தான்," என்கிறாள் எல்வா.

சிரைத்த மயிரெல்லாம் கோடைக்குள் வளர்ந்துவிட்டது, வரிகள் இருந்த இடத்தில் வரிகளாக. இடது காதுக்குப் பின்னால் மட்டும், பருப்பு அகலத்துக்கு, இன்றும் மயிர் இல்லை.